தையலும் திரையும்: பல ப்ரொஜெக்டர்களின் ஒற்றைப் படம் குறித்துச் சில குறிப்புகள்

சினிமா பற்றிய கோட்பாட்டு எழுத்துகளில் ப்ரொஜெக்டர் எப்போதும் ஒருமையில்தான் வருகிறது. 1970இல் ழான்-லூயி போத்ரி, சினிமாவின் அடிப்படைக் கருவியமைப்பு உண்டாக்கும் கருத்தியல் விளைவுகள் பற்றி எழுதினார். அதில் வரும் சித்திரம் நமக்கெல்லாம் மனப்பாடம். இருட்டறை, அசையாமல் உட்கார்ந்திருக்கும் பார்வையாளன், அவன் தலைக்குப் பின்னாலிருந்து வருகிற ஒளிக்கற்றை, முன்னால் திரை. கேமராவின் ஒற்றைக்கண் மறுமலர்ச்சிக்கால ஓவியத்தின் ஒற்றைப்புள்ளிப் பார்வையைச் சுவீகரித்துக்கொண்டு, அந்தப் புள்ளியில் பார்வையாளனை உட்காரவைத்து, உலகமே தனக்காக விரிந்து கிடப்பதான மயக்கத்தை அவனுக்குத் தருகிறது. மயக்கம் கெடாமலிருக்க, தான் உழைத்த தடத்தைக் கருவி தானே அழித்துக்கொள்கிறது. தன்னிலை கட்டமைக்கப்படுவது பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் இந்த ஒரு லென்ஸ், ஒரு பல்பு, ஒரு துணி என்கிற ஏற்பாட்டை நம்பித்தான்.

சரி, லென்ஸ் மூன்றானால்? எட்டானால்? மூன்று இயந்திரங்கள் மூன்று துண்டுப் படங்களைப் பக்கம் பக்கமாகச் சுவரில் எறிந்து, அது ஒரே படம் என்று நம்மை நம்பவைக்கிறபோது, அழிக்கப்படவேண்டிய தடம் ஒன்றல்ல. முதலில் படத்துக்கும் உலகத்துக்கும் இடையிலான தடம். அதற்கு மேலே, படத்துக்கும் படத்துக்கும் இடையில் ஓடுகிற கோடு. இந்த இரண்டாவது கோட்டைப் பற்றிக் கோட்பாட்டாளர்கள் அதிகம் பேசவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1969இல் ழான்-பியர் ஊதார், ழாக்-அலென் மில்லெரின் லக்கானிய வாசிப்பிலிருந்து எடுத்துச் சினிமாவுக்குப் பொருத்திய கருத்தாக்கத்தின் பெயரே ‘தையல்’. ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவே திறக்கும் பிளவைப் பார்வையாளனின் தன்னிலையை நூலாக்கித் தைத்து மூடுவது பற்றிய பேச்சு அது. காலத்தில் விழுகிற தையல். இடத்தில், திரையின் மேலேயே, கண்ணுக்கு நேராக மேலிருந்து கீழ்வரை விழுகிற நிஜமான தையலைப் பற்றி எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை. அதை ஆபரேட்டர்களிடம் விட்டுவிட்டார்கள்.

நான் ஆபரேட்டர்கள் பக்கமிருந்து தொடங்கப் பார்க்கிறேன்.

1952 செப்டம்பர் 30. நியூயார்க்கின் பிராட்வே தியேட்டரில் ‘திஸ் இஸ் சினிரமா’ திறக்கப்படுகிறது. ஃப்ரெட் வாலர் என்பவரின் கண்டுபிடிப்பு. ஒரே ஷட்டரில் இயங்கும் மூன்று லென்ஸ் கொண்ட கேமரா, மூன்று ஃபிலிம் சுருள்கள், மூன்று தனித்தனி ப்ரொஜெக்டர் அறைகள், 146 பாகை வளைந்த திரை. இடது அறையின் ஒளி திரையின் வலது பங்குக்கும், வலது அறையின் ஒளி இடது பங்குக்கும் குறுக்கே பாயும். திரை வளைந்திருப்பதால் ஒரு பக்கத்து வெளிச்சம் எதிர்ப்பக்கத்தில் அடித்து படத்தை வெளுக்கவைக்கும். அதைத் தடுக்கத் திரையை ஒரே துணியாக விடாமல், ஜன்னல் பிளைண்ட் மாதிரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்குத்துப் பட்டைகளாகக் கட்டினார்கள். இதைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். ஒற்றைப் படம் என்ற தோற்றத்துக்காகத் திரை ஆயிரம் துண்டாகிறது.

அப்படியும் இரண்டு தையல்கள் தெரிந்தன. மூன்று கார்பன் ஆர்க் விளக்குகள் ஒரே வெளிச்சத்தில் எரிவதில்லை. மூன்று சுருள்களும் ஒரே சாயத்தில் கழுவப்பட்டு வருவதில்லை. ஒவ்வொரு ப்ரொஜெக்டரிலும் படம் மயிரிழை ஆடும். ஒன்றின் ஆட்டத்துக்கும் பக்கத்ததன் ஆட்டத்துக்கும் சம்பந்தமிருக்காது. ஆகவே ஓரங்களில் பல் வைத்த சின்னச் சீப்பு ஒன்றைப் பொருத்தி, அதை மேலும் கீழும் வேகமாக ஆட்டி, விளிம்பை மங்கலாக்கினார்கள். அதற்குப் பெயர் ஜிகலோ. இன்றைக்கு மென்பொருளில் ‘ப்ளெண்டிங்’ என்று நாம் ஓட்டுகிற சமாச்சாரத்தின் கொள்ளுத்தாத்தா இந்த ஆடும் சீப்புதான். ஒரு சுருள் அறுந்தால் இன்னொரு கூத்து. அறுந்த இடத்தில் எத்தனை சட்டகம் போயிற்றோ அத்தனை கறுப்புச் சட்டகங்களை எண்ணி ஒட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆற்றின் நடுப்பகுதி ஒரு நொடியிலும் அதன் இடது கரை வேறொரு நொடியிலும் ஓடும். ஒவ்வோர் அறைக்கும் ஆள், ஒலிக்குத் தனி ஆள், மூன்றையும் அரங்கிலிருந்து பார்த்துச் சரிசெய்ய ஓர் ஆள். தன் தடத்தைத் தானே அழித்துக்கொள்ளும் கருவி என்று போத்ரி சொன்னாரே, அந்தத் ‘தானே’ என்ற சொல்லுக்குள் இத்தனை பேர் வியர்வையோடு நின்றுகொண்டிருக்கிறார்கள்.

வாலரின் வரலாற்றில் இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். சினிரமாவுக்கு முன்னால் அவர் 11 ப்ரொஜெக்டர்களைக் கொண்டு ‘விடாரமா’ என்ற ஒன்றை வடிவமைத்திருந்தார். இரண்டாம் உலகப்போர் வந்ததும் அது ஐந்து ப்ரொஜெக்டர்கள் கொண்ட பீரங்கிப் பயிற்சிக்கூடமாக மாறியது. விமானத்திலிருந்து சுடுகிறவர்களுக்குக் கோளவடிவத் திரையில் எதிரி விமானங்களைக் காட்டிப் பழக்கினார்கள். கடைக்கண்ணில் நகர்வது தெரிந்தால்தான் சுட முடியும்; ஆகவே கடைக்கண் வரை படம் வேண்டும். போர் முடிந்ததும் அதே கடைக்கண்ணை ரோலர் கோஸ்டரில் ஏற்றி டிக்கெட் விற்றார்கள். முழுக்கச் சூழ்ந்துகொள்ளும் அனுபவம் என்று இன்றைக்கு அருங்காட்சியகத்திலிருந்து ஷாப்பிங் மால் வரை விற்கப்படுவதன் வம்சாவளியில் துப்பாக்கி இருக்கிறது. இதைச் சொன்னால் நண்பர்கள் சிலர், எல்லாத் தொழில்நுட்பத்துக்கும் அப்படித்தானே என்று தோளைக் குலுக்குவார்கள். இருக்கலாம். ஆனால் இங்கே தையலை மறைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இது ஒரு விடை. குறிபார்க்கிறவனுக்கு வானம் இரண்டாகத் தெரியக்கூடாது.

*

இந்த இடத்தில் ஓர் அவசரமான முடிவுக்குப் போய்விடத் தோன்றும். தையலை மறைப்பது அதிகாரம், தையலைக் காட்டுவது விடுதலை. முழுமை பாசிசம், சிதறல் ஜனநாயகம். நம் சிறுபத்திரிகைகளில் இந்தச் சமன்பாடு கொஞ்சம் அதிகமாகவே புழங்கிவிட்டது. எதையாவது துண்டு துண்டாக்கிப் போட்டால் போதும், கட்டவிழ்ப்பு நடந்துவிட்டதாக ஒரு நினைப்பு. வரலாறு அவ்வளவு சுளுவாக ஒத்துவரவில்லை.

1927 ஏப்ரல் 7 அன்று பாரிஸ் ஓபராவில் காட்டப்பட்ட ஆபெல் கான்ஸின் ‘நெப்போலியன்’ இறுதிப்பகுதியில் திரை மூன்றாகிறது. கான்ஸ் தையலைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. சில இடங்களில் மூன்றும் சேர்ந்து ஒரே நிலக்காட்சி. சில இடங்களில் நடுவில் ஒரு முகம், இரு பக்கமும் அணிவகுக்கும் படை. மூன்று சட்டகங்களும் ஒன்றோடொன்று மோதி அர்த்தம் உண்டாக்கட்டும் என்று விட்டுவிடுகிறார். வடிவ அளவில் இதைவிடத் திறந்த பிரதி அந்தக் காலத்தில் இல்லை என்றே சொல்வேன். ஆனால் அது எங்கே போய் முடிகிறது? மூன்று திரைகளும் நீலம், வெள்ளை, சிவப்பு என்று சாயமேறி பிரெஞ்சுக் கொடியாகின்றன. தையல் கொடியின் கோடாகிவிட்டது! 1959இல் மாஸ்கோவில் அமெரிக்க தேசியக் கண்காட்சிக்காக சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் செய்ததையும் பார்க்கலாம். பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் குவிமாடத்துக்குள் தனித்தனியாகத் தொங்கிய ஏழு திரைகள், 2,000க்கும் மேற்பட்ட படங்கள். ஒட்டும் முயற்சியே இல்லை. சிதறல்தான் அதன் இலக்கணம். பார்வையாளர் எதையும் நின்று கேள்வி கேட்க முடியாத வேகத்தில் அமெரிக்காவின் வளம் ஏழு பக்கமிருந்தும் கொட்டியது. பனிப்போர்ப் பிரச்சாரம் இடைவெளிகளோடும் நன்றாகவே வேலை செய்யும்.

எனக்குப் பிடித்த இடைவெளி டிஸ்னியினுடையது. இதைச் சொல்ல வேண்டியிருப்பது சங்கடம்தான். 1955இல் டிஸ்னிலாண்டில் ‘சர்க்கரமா’ என்று பார்வையாளரைச் சுற்றிலும் 11 திரைகள் வைத்தார்கள். பின்னால் அது ஒன்பதானது. எப்போதும் ஒற்றைப்படை எண். காரணம் எளியது. வட்டத்தில் ஒற்றைப்படையாகத் திரை வைத்தால் ஒவ்வொரு திரைக்கும் நேரெதிரே ஓர் இடைவெளி வரும். அந்த இடைவெளிக்குள்தான் ப்ரொஜெக்டர் உட்காரும். அதாவது அங்கே கறுப்புக் கோடு மறைக்கவேண்டிய குறை அல்ல, படம் பிறக்கிற இடம். எதிர்ச்சுவரில் தெரிகிற மலை இந்தப் பக்கத்துக் கறுப்புக்குள்ளிருந்து வருகிறது. ஊதாருக்கு இதைக் காட்டியிருக்கலாம்.

ஆகவே கேள்வி தையல் தெரிகிறதா இல்லையா என்பதல்ல. மறைக்கும்போது யாருடைய எது வெட்டப்படுகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள், அளவுகோல் யாருடைய கண். இதற்குப் பதில் தேட வேண்டுமானால் கேலிப்ரேஷன் என்று சொல்கிறார்களே, அந்த வேலைக்குள் இறங்கத்தான் வேண்டும். கலைக்களஞ்சியத் தமிழில் ‘அளவீட்டுத் திருத்தம்’. களத்தில் இருப்பவர்கள் ‘அலைன் பண்றது, ப்ளெண்ட் பண்றது’ என்பார்கள்.

*

இரண்டு ப்ரொஜெக்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம். ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி வைக்கிறோம். இல்லாவிட்டால் மயிரிழை விலகினாலும் கறுப்புக் கீறல் விழும். படிகிற பட்டையில் இருவர் வெளிச்சமும் சேர்ந்து இரட்டிப்பாகத் தெரியும். ஆகவே அந்தப் பட்டைக்குள் ஒன்று மெல்ல மங்க, மற்றது மெல்ல ஏற, இரண்டும் சேர்ந்து எப்போதும் ஒன்று என்று கணக்குப் போடவேண்டும். நடுப்புள்ளியில் பாதி பாதி. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் 255 வரை போகிற அளவில் பாதியான 128ஐ இரண்டுக்கும் கொடுத்தால் நடுவில் இருண்ட பட்டை வருகிறது. ஏனென்றால் இயந்திரத்துக்குள் போகிற எண்ணும் வெளியே வருகிற வெளிச்சமும் நேர்விகிதத்தில் இல்லை. காமா என்கிற வளைவு ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது. காமா 2.2 என்றால் 128க்குக் கிடைப்பது ஏறத்தாழ 22 சதவீத வெளிச்சம்தான். இரண்டு 22 சேர்ந்தால் 44. பாதி வெளிச்சம் உண்மையாகவே வேண்டுமென்றால் 186 அளவுக்குக் கேட்க வேண்டும். பாதி என்று எழுதிக் கொடுத்தவர்கள் கால்கூட வாங்காமல் திரும்பி வந்த கதைகள் நமக்குத் தெரியும்; இது ஒளியிலும் நடக்கிறது.

இதைச் சரிசெய்தாலும் கண் விடாது. மங்கல் தொடங்குகிற, முடிகிற இடங்களில் வெளிச்சத்தின் சரிவு சட்டென்று திரும்பினால் அங்கே இல்லாத கோடு ஒன்று கண்ணுக்குத் தெரியும். எர்ன்ஸ்ட் மாக் 1865இல் விவரித்த பட்டைகள் இவை. சுவரில் கோடு இல்லை; அளக்கும் கருவியிலும் இல்லை. பார்க்கிறவனின் நரம்புகள் வேறுபாட்டை மிகைப்படுத்தி விளிம்பு ஒன்றைத் தயாரிக்கின்றன. ஆகவே சரிவை எஸ் வடிவத்தில் வளைத்து, தொடக்கமும் முடிவும் தெரியாமல் இழைத்துவிட வேண்டியிருக்கிறது. தையலில் பாதி சுவரில் இருக்கிறது, பாதி நம்மிடம் இருக்கிறது.

மிகப் பெரிய வில்லங்கம் கறுப்பு. ப்ரொஜெக்டரால் இருட்டை எறிய முடியாது. ‘கறுப்பு’ என்று சொல்லும்போதும் அதன் லென்ஸிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் கசிந்துகொண்டே இருக்கும். 1000:1 மாறுபாடு உள்ள இயந்திரத்தில் வெள்ளையின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு படிகிற பட்டையில் ஆயிரத்தில் இரண்டு. மேலே இரண்டு கீழே இரண்டு என்று அடுக்கினால் நான்கும் சந்திக்கிற நடுச்சதுரத்தில் ஆயிரத்தில் நான்கு. இரவுக் காட்சி வந்ததும் இந்தப் பட்டைகள் சாம்பல் சிலுவையாகத் தெரியும். பூஜ்யத்துக்குக் கீழே குறைக்க வழியில்லை. அப்புறம் என்ன செய்கிறார்கள்? சிலுவையை இருட்டாக்க முடியாது என்பதால் மற்ற இடங்களையெல்லாம் வெளிறவைக்கிறார்கள். எல்லோருடைய கறுப்பையும் உயர்த்தி, கசிவு மிகுந்த இடத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் தையல் போய்விடும். போனது தையல் மட்டுமல்ல, இரவும்தான். கோளரங்கங்களில் இது நடக்கக்கூடாது, அங்கே இருட்டுதான் சரக்கு. அதனால் லென்ஸுக்கு முன்னால் நிஜமான தகட்டை வைத்து ஒளியைத் தடுக்கிறார்கள். ஜிகலோ சீப்புக்கே திரும்பி வந்தாயிற்று.

வெள்ளையில் இதே கதை தலைகீழ். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கிய ப்ரொஜெக்டர்களாக இருந்தாலும் வெளிச்சம் ஒன்றுபோல் இருக்காது. நிறத்தில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சின்னது, வெளிச்சத்தில்தான் பெரியது. ஒரே இயந்திரத்துக்குள்ளேயே நடுவில் பிரகாசம், மூலையில் மங்கல். விளக்கு பாதி வெளிச்சத்துக்கு இறங்கும் வரையிலான காலத்தைத்தான் அதன் ஆயுள் என்று எழுதுகிறார்கள். ஆகவே வயதுக்கேற்ப ஒவ்வொன்றும் ஒவ்வொரு மட்டத்தில் நிற்கும். கண்டிப்பான சமத்துவம் வேண்டுமென்றால் ஒரு வழிதான்: சுவர் முழுவதிலும் எந்த மூலை மிக மங்கலோ அந்த மூலையின் மட்டத்துக்கு மற்ற எல்லாவற்றையும் இறக்குவது. இருபத்துநான்கு இயந்திரம் வாங்கிப் போட்டு, அதில் நோஞ்சானான ஒன்றின் ஒரு மூலைக்கு அத்தனையும் அடிபணிவது.

அதிதி மஜும்தாரும் ரிக் ஸ்டீவன்ஸும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. சமமாக இருக்க வேண்டியதில்லை, சமமாகத் தோன்றினால் போதும் என்பதுதான் அதன் சாரம். மனிதக் கண் மெல்ல மாறுகிற வெளிச்சத்தைக் கவனிக்காது. சட்டென்று மாறுவதைத்தான் பிடிக்கும். ஆகவே நடுவுக்கும் ஓரத்துக்கும் நிறைய வித்தியாசம் இருக்கட்டும். ஆனால் எந்த இடத்திலும் மாற்றத்தின் வேகம் கண்ணின் உணர்திறன் எல்லையைத் தாண்டாதபடி இழைத்துவிட வேண்டும். சுவர் பிரகாசமாகவும் இருக்கும், தையலும் தெரியாது. பொறியியலாக இது அழகான தீர்வு. எனக்கு இதில் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

ஆனால் வாசகரே, இதைப் படித்த கணத்தில் உங்கள் மனம் எங்கே ஓடியதோ அங்கேதான் என் மனமும் ஓடியது. ஏற்றத்தாழ்வு இருக்கலாம், அது படிப்படியாக இருக்குமானால். யாரும் தனக்கு அடுத்திருப்பவரோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து நிம்மதியடையும் அளவுக்குச் சரிவு மெதுவாக இருக்குமானால். படிநிலைச் சமூகம் ஒன்று எப்படி நூற்றாண்டுகளாகத் தையல் தெரியாமல் நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வரைபடம் கிடைக்காது. இந்த உவமை இவ்வளவு லேசாக வந்து விழுவதாலேயே இதை நீட்ட நான் விரும்பவில்லை. ப்ரொஜெக்டருக்கு ஜாதி கிடையாது. ஆய்வாளர்கள் செய்தது ஒரு காட்சிச் சுவரைத் திருத்துகிற வேலை. ‘தோன்றினால் போதும்’ என்பது அங்கே நேர்மையான பொறியியல். அதே வாக்கியத்தைச் சமூகத்தைத் திருத்துகிறவர்கள் சொல்லும்போதுதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

*

அளப்பது யார்? முன்பெல்லாம் அரங்கில் உட்கார்ந்திருந்த ஆளின் கண். இன்று பெரும்பாலும் ஒரு கேமரா. ஒவ்வொரு ப்ரொஜெக்டரும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை வரிசையாகக் காட்டும், கேமரா படமெடுக்கும். பட்டைகளின் வரிசை ஃபிராங்க் கிரேயின் பெயரால் வழங்கும் குறியீடு. அடுத்தடுத்த இரண்டு பத்திகளுக்கு இடையே ஒரே ஓர் இடத்தில்தான் கறுப்பு வெள்ளையாக மாறும். அதனால் பிழை வந்தாலும் ஒரு பத்திக்கு மேல் தப்பாது. பத்துப் படங்களில் 1,024 பத்திகளுக்கும் பெயர் கொடுத்துவிடலாம். சுவரின் ஒவ்வொரு புள்ளிக்கும், எந்த இயந்திரத்தின் எந்தப் புள்ளி தன்மேல் விழுகிறது என்று ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது. தட்டையான சுவர் என்றால் நான்கு புள்ளிகள் தெரிந்தாலே போதும், வளைத்துத் திருத்த வேண்டிய கணக்கு முழுக்க வந்துவிடும்.

இதே தொழில்நுட்பத்தை முன்வைத்து 1998இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், ரமேஷ் ராஸ்கர், ஹென்றி ஃபுக்ஸ் முதலானோர், எதிர்காலத்தின் அலுவலகம் எப்படியிருக்கும் என்று ஒரு சித்திரம் வரைந்தார்கள். கூரையின் விளக்குகளுக்குப் பதிலாக ப்ரொஜெக்டர்கள். அவை பட்டைகளையும் உடனேயே அவற்றின் எதிர்ப்படிவத்தையும் மாற்றி மாற்றி எறியும். வேகத்தில் இரண்டும் கலந்து மனிதக் கண்ணுக்கு வெறும் வெள்ளை வெளிச்சமாகத் தெரியும். ஆனால் அதே தாளத்தில் இயங்கும் கேமராக்களுக்கு அறையிலுள்ள மேசை, சுவர், மனிதர்கள் எல்லாவற்றின் மேற்பரப்பும் அளவோடு தெரிந்துகொண்டே இருக்கும். தூரத்திலிருப்பவர்கள் ஒரே அறையில் இருப்பதுபோல் பேசிக்கொள்வதற்காக நினைத்த ஏற்பாடு அது. ஃபூக்கோ விவரித்த வட்டச் சிறையில் வெளிச்சம் கைதியைக் காட்டிக்கொடுத்தது. கைதிக்குத் தான் வெளிச்சத்தில் நிற்பது தெரியும். இங்கே வெளிச்சமே அளவுகோல். அதன் கீழே உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அது டியூப்லைட்.

1992இல் சிகாகோவில் காட்டப்பட்ட ‘கேவ்’ வேறொரு பிரச்சினையை வெளியே கொண்டுவந்தது. பத்தடிச் சதுர அறை, மூன்று சுவர்களிலும் தரையிலும் படம். பெயர் பிளேட்டோவின் குகையை நினைத்தே வைத்தது. உள்ளே நிற்கும் ஒருவரின் தலையில் ஒரு கருவி; அவர் தலை நகர நகர நான்கு பரப்புகளின் படங்களும் அவருடைய கோணத்துக்கேற்ப மாறும். மூலைகள் மறைந்துபோகும். யாருக்கு? அந்த ஒருவருக்கு. கூட நிற்கிறவர்களுக்கு நேர்கோடுகள் மூலையில் முறிந்துதான் தெரியும். அவருடைய தலையசைப்பில் இவர்கள் உலகம் சாயும். இத்தாலிய அரசவை அரங்குகளில் இளவரசரின் இருக்கையிலிருந்து பார்த்தால் மட்டும் சரியாகத் தெரியும்படி பின்னணிக் காட்சிகளை வரைந்தார்கள். இங்கே இருக்கை நகர்கிறது, அவ்வளவுதான். தையலின்மை என்பது சுவரின் குணமல்ல. ஓர் இருக்கையின் சலுகை. போத்ரியை நான் திருத்த நினைப்பது இந்த இடத்தில்தான். கருவியமைப்பு ஒரு தன்னிலையைக் கட்டமைக்கிறது என்றால், அதே மூச்சில் கூட நிற்கும் பலரைத் தப்பான கோணத்தில் நிற்பவர்களாகவும் கட்டமைக்கிறது.

*

சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சிக்கு உரை எழுதித்தரப் போயிருந்தேன். நெல்லைப் பக்கத்துப் பீடி சுற்றும் பெண்கள் மூவரை அவரவர் வீட்டில் தனித்தனியாகப் படமெடுத்திருந்தார்கள். நீண்ட சுவர், வாடகைக்கு எடுத்த மூன்று ப்ரொஜெக்டர்கள். மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பீடி சுற்றுவதுபோல் இழைத்துக் காட்ட வேண்டும் என்பது அமைப்பாளரின் விருப்பம். ‘கூட்டு உழைப்பு’ என்று தலைப்பு வைத்தாயிற்று. மூன்று தனித்திரைகளாக விடுங்கள், அவர்கள் தனித்தனி வீட்டில், தனித்தனிக் கூலிக்கணக்கில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் சுற்றுகிறார்கள் என்பதுதானே விஷயம் என்று வாதாடினேன். பார்வையாளர் குழம்புவார்கள் என்றார்.

கல்யாண மண்டபங்களில் இந்த வேலை செய்யும் ஒரு தம்பி இரண்டு இரவு முழிச்சு அலைன் பண்ணினான். நடு ப்ரொஜெக்டரின் விளக்குக்கு வயதாகியிருந்தது. “மூணுல எது நோஞ்சானோ அதுக்குத்தான் சார் மத்த ரெண்டையும் இறக்கணும். இது ஏறாது,” என்றான். தையலை இப்படி விட்டுவிடக் கூடாதா என்று அவனிடமும் கேட்டேன். “தெரிஞ்சா காசு தரமாட்டாங்க சார். தெரியாம இருந்தா நான் வேலை செஞ்சதே யாருக்கும் தெரியாது. ரெண்டுல ஒண்ணு.” உழைப்பின் தடம் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இந்த இரண்டு வரிக்கு மேல் சொன்னதாக நினைவில்லை.

படிகிற பட்டையில் ஒரு வீட்டின் சுவரும் அடுத்த வீட்டின் சுவரும் கரைந்து ஒன்றாயின. முதல் நாள், படத்தில் இருந்த பெண்களில் ஒருவர் மகளோடு வந்திருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. “என் தட்டு பாதிதான் இருக்கு. மீதி எங்க? அவ சுவருக்குள்ள விட்டுட்டீங்களா?” என்று கேட்டார். இலையும் தூளும் கத்தரிக்கோலும் இருந்த பீடித்தட்டின் ஓரம் ப்ளெண்டிங்கில் மங்கிப் பக்கத்து வீட்டுச் சுண்ணாம்பில் மறைந்திருந்தது. கத்தரிக்கோல் போய்விட்டது. அமைப்பாளர் ஏதோ விளக்கம் சொன்னார். அந்த அம்மா கேட்டுக்கொண்டார், ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் யாரோ மேசையை இடித்துவிட, படங்கள் விரலகலம் விலகிப் பட்டையில் எல்லாம் இரட்டையாகத் தெரிந்தது. மறுபடி ஒத்திசைக்க நேரமில்லை. தம்பி ப்ளெண்டிங்கை அணைத்துவிட்டு, மூன்றையும் ஒரு சாண் தள்ளித் தள்ளி வைத்துவிட்டான். கண்காட்சி முடியும் வரை அப்படியே ஓடியது. தட்டு முழுசாகத் தெரிந்தது. கூட்டம் குறையவில்லை. அந்த அம்மா மறுபடி வரவில்லை.

சினிரமாவின் மூன்று பட்டை முறையில் எடுத்த கடைசிக் கதைப்படங்களில் ஒன்று 1962இல் வந்த ‘ஹவ் தி வெஸ்ட் வாஸ் வன்’. ஹென்றி ஹாதவே, ஜான் ஃபோர்டு, ஜார்ஜ் மார்ஷல் மூவரும் இயக்கியது. அடுத்த வருடமே சினிரமா என்ற பெயர் ஒற்றை 70 எம்.எம். சுருளுக்குப் போய்விட்டது. இந்தப் படத்தை 2008இல் டிஸ்க்காக வெளியிட்டபோது இரண்டு தையல்களையும் கணினியால் பெருமளவு அழித்துவிட்டார்கள். இப்போது பார்த்தால் திரை ஒன்றேதான். ஆனால் படமெடுத்த நாளில் தையல் விழும் இடத்தை மறைக்கவென்று அங்கே மரத்தையும் கம்பத்தையும் வீட்டு மூலையையும் வைத்து ஷாட் அமைத்தார்கள் அல்லவா, அவை போகவில்லை. மறைக்க ஒன்றுமில்லாத இடத்தில் மரம் நிற்கிறது. பக்கத்துப் பட்டையில் இருப்பவரை நேராகப் பார்த்தால் திரையில் பார்வை வேறெங்கோ போய்விடும் என்பதால், நடிகர்கள் எதிராளியைப் பார்க்காமல் வேறொரு புள்ளியைப் பார்த்துப் பேசப் பழக்கப்பட்டிருந்தார்கள். சில காட்சிகளில் அது இன்னும் தெரிகிறது. ஒரே அறை, ஒரே விளக்கு, நடுவில் எந்தக் கோடும் இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் கொஞ்சம் தாண்டிப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.